கயிறு நழுவிய கை

சண்டைக்காரிக்கு,

இன்று காலை முழங்கால் வலிக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வரிசை வரிசையாக ஆட்களை உட்காரவைத்து வைத்தியம் பார்த்த நான், கையில் டோக்கனோடு பெஞ்சு ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்ததை நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. வாய் ஒரு பக்கம் கோணிய முகம், தொங்கிப்போன கை, பேச்சு வராமல் திணறும் ஒரு ஆள். கீழே கொட்டை எழுத்தில், ‘தானாகச் சரியாகிவிட்டாலும் உடனே வாருங்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்’ என்று போட்டிருந்தது. என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்களாம். எனக்குக் காதில் விழவில்லை. நான் உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

படம் ஒட்டியவர்களைக் குறை சொல்லவில்லை, நல்ல காரியம்தான். ஆனால் அப்படி ஒரு படம் எந்தச் சுவரிலும் இல்லாத காலத்தில், கையில் கடிகாரம்கூட இல்லாத நீ, அந்த மூன்றையும் பார்த்து நேரத்தையும் குறித்து வைத்திருந்தாய். படித்துப் பட்டம் வாங்கிய நான்தான் இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு கோட்டை விட்டேன். நீ போய் இரண்டு ஐப்பசி மழை கழிந்துவிட்டது. உன் சாவு வீட்டில் ஊரே கூடியிருந்தது, என்னால் வாய் திறக்க முடியவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் வந்ததை இன்று சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடிக்கு வந்தேன். இரண்டு அறை, ஒரு வேப்பமரம், ஒரு கம்பவுண்டர். கடற்கரைத் தெருவில் இருந்த என் டிஸ்பென்சரி அவ்வளவுதான். தாமிரபரணித் தண்ணீர் பாயும் நெல் ஊரில் பிறந்தவள் நான். கடல் என்றால் திருச்செந்தூரில் கால் நனைத்ததோடு சரி. முத்துக் குளிப்பு அதற்குப் பல வருஷம் முன்பே நின்றுபோயிருந்தது, உங்கள் தெரு ஆண்கள் சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். விடிந்ததும் கரைக்காற்றில் பாய் விரித்துப் போகும் வள்ளங்கள் பிற்பகல் கடல்காற்றில் திரும்பி வரும். சங்கின் சதை அழுகும் வாடை தெரு முழுக்க நிற்கும். முதல் மாதம் பூராவும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டே ஊசி போட்டேன் என்று பிற்பாடு நீ ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய்.

நம் முதல் சந்திப்பே சண்டைதான். உன் சின்ன மகளுக்குக் காதில் சீழ். காதில் தண்ணீர் படக்கூடாது, கடலில் விளையாட விடாதே என்று நான் அதட்டினேன். நீ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கடக்கரைல குடியிருந்துக்கிட்டு தண்ணி படாம பிள்ள வளக்கணும்னா, உங்க ஊரு ஆத்தங்கரைக்கா போவணும்? அங்கனயும் தண்ணிதான கெடக்கு டாக்டரம்மா?” என்றாய். வெளியே இருந்த வரிசை சிரித்தது. எனக்கும் உனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அந்த வாரமே நான் உன்னை ‘ஏளா’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். நீ கடைசிவரை ‘டாக்டரம்மா’வை விடவில்லை, ஆனால் அதை ‘ஏளா’ மாதிரிதான் சொல்வாய்.

உன் புருஷன் கஸ்பார் குளிகாரர். கல்லைக் கட்டிய கயிற்றில் காலை ஊன்றித் தண்ணீருக்குள் இறங்கும் பழைய வழக்கத்தை விடாத ஆட்களில் ஒருவர். மேலே வள்ளத்தில் நின்று அவர் கயிற்றைப் பிடிப்பது உன் அண்ணன் சூசை. கல்யாணம் ஆகாத மனிதர், உன் வீட்டில்தான் சாப்பாடு. கீழே இருப்பவன் கயிற்றை ஒரு முறை சுண்டினால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். பிந்தினால் மூச்சு இருக்காது. அதனால்தான் குளிகாரனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன் பிடிக்க வேண்டும் என்று உங்களுக்குள் வழக்கம். எவன் கை விட்டாலும், தங்கச்சியின் தாலிக்கயிறு என்று தெரிந்தவன் கை விடாது என்பது கணக்கு. நீ இதை எனக்கு விளக்கியபோது இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஒரு சொந்தத்தின் மேல் உயிரையே கட்டித் தொங்கவிடுகிற துணிச்சல் எங்கள் வயற்காட்டில் எனக்குப் பழக்கமில்லை.

அந்தக் கயிறுதான் ஒரு புதன்கிழமை நழுவியது.

கஸ்பார் அடியில் இருந்து சுண்டியிருக்கிறார். கயிறு கொஞ்சம் தொய்ந்தது, பிறகு இறுகியது, ஆனால் மேலே ஏறவில்லை. சங்குப் பையை உதறிவிட்டுக் கையாலும் காலாலும் தண்ணீரை மிதித்து அவர் மேலே வந்தபோது மூக்கிலும் காதிலும் ரத்தம். வள்ளத்தில் தூக்கிப் போட்டதும் நினைவு தப்பிவிட்டது. மற்றவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நினைவு திரும்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “கயிற ஏம்ல விட்ட?” சூசை பதில் சொல்லவில்லை. சும்மா வெறித்துப் பார்த்தாராம். யாரோ கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டிருக்கிறார்கள். அதற்கும் வாய் திறக்கவில்லை. கரைக்கு வந்த பிறகுதான், “கை மரத்துப் போச்சு” என்றார். அதற்குள் கை நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. அதே கையால் அவரே வள்ளத்தை இழுத்துக் கட்டினார். யார் நம்புவார்கள்? முந்திய மாதம்தான் ஒரு ஞானஸ்நான விருந்தில் மச்சானும் மச்சானும் வாய்த்தகராறில் சட்டையைப் பிடித்துக்கொண்டதை ஊரே பார்த்திருந்தது.

அன்று பிற்பகல் இருவரையும் என்னிடம் கொண்டுவந்தார்கள். கஸ்பாருக்குக் காதைத் துடைத்து மருந்து வைத்தேன். வள்ளத்தின் தண்டல், அதாவது வள்ளத்துக்குத் தலைவர், சூசையை என் முன்னால் தள்ளி, “இவன் கையப் பாருங்கம்மா. கொறை இருக்கா, இல்ல கொழுப்பா? ஒரு சீட்டு எழுதித் தாங்க, ஊர்ல காட்டணும்” என்றார். வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். என் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன், நொறுக்கிவிடுகிற பிடி. ஊசியால் குத்தினேன், கையை இழுத்தார். நாடி பார்த்தேன் என்று பதிவேட்டில் எழுதினேன். உண்மையில் தொட்டேன், அவ்வளவுதான். உதடு கிழிந்து முன்பல் ஒன்று உடைந்திருந்தது. அறை வாங்கியது என்று நினைத்துக் கேட்காமல் விட்டேன். ‘வலது கையைப் பரிசோதித்தேன். பலம் சரியாக இருக்கிறது. குறை ஒன்றும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சூசை அந்தச் சீட்டைப் பார்த்த பார்வையை எனக்குப் புரிந்துகொள்ள நேரமில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

சனிக்கிழமை பிற்பகல் நீ வந்தாய். வரிசையில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாய்.

“ஒங்க சீட்டு எங்கண்ணனக் கொன்னுட்டு டாக்டரம்மா.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஊர் கூடப்போகிறது, என் சீட்டு ஊர்த்தலைவர் கையில் இருக்கிறது என்றாய். தங்கையின் தாலியை அறுக்கப் பார்த்தவன் என்று சூசையைத் தள்ளி வைக்கப்போகிறார்கள். கடல் தொழில் கிடையாது, கோயிலில் முன்வரிசை கிடையாது. அவர் வீட்டுக்குள் வந்தால் நீ வெளியே போ என்று கஸ்பார் உன்னிடம் சொல்லியாகிவிட்டது. நான் என் தற்காப்புக்கு, கையில்தான் ஒன்றும் இல்லையே என்றேன்.

“நீங்க கையப் பாத்திய. அந்த நேரத்த நீங்க பாக்கல. நான் பாத்திருக்கேன்.”

பிறகு நீ சொன்னதை, இத்தனை வருஷம் கழித்தும் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வேன். அந்தப் புதனுக்கு முந்திய ஞாயிறு. கஸ்பார் வெளியே போயிருந்தார். அண்ணன் உன் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. என்னண்ணே என்று கேட்டிருக்கிறாய். வலது பக்கம் வாய் தொங்கி, ‘ம்ம் ம்ம்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கை செத்த மீன் மாதிரி மடியில் கிடந்தது. உனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாதா படத்தின் கீழே கிடந்த செபமாலையை எடுத்துப் பத்துப் பத்து மணியாக உருட்ட ஆரம்பித்தாய்.

“மூணு பத்து மணி முடிஞ்சி நாலாவதுல ஆரம்பிச்சேன், அப்பம் கை அசஞ்சிது. அஞ்சாவது பத்துல ‘ஏன்ளா அழுத’ன்னு கேட்டான். நல்லாத்தான் கேட்டான். ஒண்ணுமே நடக்காத மாதிரி சிரிச்சான். ‘மச்சான்ட்ட சொல்லிராத, கயிற எங்கிட்ட தர மாட்டாம்’னான். நானும் சொல்லல.”

நீ மேசையிலிருந்து கையை எடுக்கவில்லை. அழவில்லை. குரல் மட்டும் தாழ்ந்தது.

“ஊர்ல எங்கண்ணன் மேல ரெண்டு குத்தம் சொல்லுதாவ. கயிற விட்டது ஒண்ணு. விட்டுட்டு வாயத் தொறந்து ஒரு சத்தம் போடலியே, அது ரெண்டாவது. எனக்கு என்ன தோணுதுன்னா, அது ரெண்டும் ரெண்டு இல்ல. ஒண்ணுதான். கை போவும்போது வாயும் சேந்துல்லா போவுது!”

மூளையின் இடப்பக்கம் ரத்தம் அடைத்தால் வலது கையும் பேச்சும் சேர்ந்து போகும் என்று தடித்தடிப் புத்தகங்களில் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவள் நான். நீ மூன்றாம் வகுப்பு. ஊர் சொன்ன பழியையே எடுத்து, இரண்டு குற்றத்தையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்து, அது ஒரு நோய் என்று கண்டுபிடித்துவிட்டாய். அன்றைக்கு எனக்கு உன்னைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கௌரவம் தடுத்தது. இப்போது கும்பிட்டுக்கொள்கிறேன்.

நேரத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். நீ வழக்கமாகச் சொல்லும் வேகத்திலேயே ஒரு பத்து மணி சொல் என்று கேட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். நீ கண்ணை மூடி, ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கினாய். இரண்டாவது மணிக்கே வெளியே வரிசையில் இருந்தவர்கள் பாதி மந்திரத்தை வாங்கிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். காய்ச்சல்காரர், வயிற்றுவலிக்காரர், கைப்பிள்ளைக்காரி எல்லோருமாகச் சேர்ந்து மந்திரம் சொல்ல, நான் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் மருத்துவக் கல்லூரியில் எவரும் இப்படி ஒரு பரிசோதனை நடத்தியிருக்க மாட்டார்கள். மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் பத்துப் பதினொரு நிமிஷம் உன் அண்ணனின் வலது கை இந்த உலகத்தில் இல்லை.

“கூட்டிட்டு வா அவர” என்றேன்.

சூசை வேப்பமரத்துக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். நீ கையைப் பிடித்து இழுத்து வந்தாய். இந்த முறை நான் அவர் கையைப் பார்க்கவில்லை. மணிக்கட்டில் விரலை வைத்து ஒரு முழு நிமிஷம் எண்ணினேன். நாடி ஓடியது, நின்றது, இரண்டு சேர்ந்து வந்தது, ஒன்று வராமலே போனது. ஒழுங்கு என்பது மருந்துக்கும் இல்லை. பதினைந்து விநாடி பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். தூரத்தில் மாட்டுவண்டி மரப்பாலத்தில் ஏறுகிற மாதிரி ஒரு தாழ்ந்த உருட்டல் சத்தம். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சலில் கிடந்ததுண்டா என்று அவரைக் கேட்டேன். அவருக்கு நினைவில்லை. நீதான் சொன்னாய்: “எனக்கு ஆறு வயசு. இவன் ஒரு மாசம் நடக்கல. எங்கம்மா தூக்கிட்டுப் போயி சந்தியாகப்பர் கோயில்ல கெடத்துனா.”

அந்தக் காய்ச்சல் அன்றே இதயத்தின் ஒரு கதவைச் சுருக்கிவிட்டிருக்கிறது. சுருங்கிய கதவுக்குப் பின்னால் ரத்தம் தேங்கும், தேங்கியது உறையும். அதில் கடுகளவு ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போய் அடைத்தால் கையும் வாயும் போகும், அது கரைந்தால் இரண்டும் திரும்பும். கரைந்த பிறகு தேடினால் எந்தத் தடயமும் இருக்காது. புதன்கிழமை நான் தேடியது அந்த இல்லாத தடயத்தை. இதை உனக்கும் அவருக்கும் எப்படியோ விளக்கினேன். நீ உன் மார்பில் கையை வைத்துக்கொண்டு, “இம்புட்டுக்காண்டு கடுகா ஒரு ஆம்பளைய ஊமையாக்கிட்டுப் போவுது?” என்றாய். எனக்கும் அதே மலைப்புதான். புத்தகத்தில் படித்தபோது வராத மலைப்பு அது.

உதட்டைப் பற்றி அப்போதுதான் கேட்டேன். சூசை தரையைப் பார்த்தபடி சொன்னார்:

“கை போயிட்டு. இடது கையில சுத்திப் புடிச்சேன், நிக்கல. கூப்பிடப் பாத்தேன், சத்தம் வரல. பொறவு பல்லால கடிச்சிப் புடிச்சேம்மா. பல்லு ஒடஞ்சிது. விடல.”

அவ்வளவு நேரம் அழாமல் நின்ற நீ அப்போது உடைந்தாய். அண்ணனின் முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தினாய். “இத ஏன்ல சொல்லல? பாவி, இத ஏன் சொல்லல?” அண்ணனை ‘ஏலே’ போட்டு நீ பேசியதை நான் கேட்டது அந்த ஒரே முறைதான். அவர் சொன்ன பதில் எனக்கு இன்றும் கேட்கிறது: “கை கெட்டுப்போனவன்னு தெரிஞ்சே கயிறு புடிச்சேன்ளா. எம்மேல குத்தம் இருக்கத்தான செய்யுது.”

நான் உடனே பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இப்போதே பஸ் ஏறவேண்டும் என்றேன். வந்துவிட்டுப் போன வாதம் திரும்பி வரும், அடுத்த தடவை வந்தால் போகாமல் தங்கிவிடலாம், ஆளையே கொண்டுபோகவும் செய்யலாம் என்று பயமுறுத்தினேன். சூசை தலையை ஆட்டிவிட்டார்.

“நாளைக்கு முத்தத்துல நான் இல்லேன்னா ஓடிட்டாம்பாவ. கூட்டம் முடியட்டும், திங்கக்கெழம போறேன். செத்தாலும் சாவுதேன், கள்ளன்னு பேரு வேண்டாம்.”

நன்றாக இருக்கும் ஒரு ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் கண்டேன். கை ஆடுகிறது, பேச்சு வருகிறது, நோய் இருப்பதாக நான் சொல்வதுதான் பொய் மாதிரி இருக்கிறது. நான் கெஞ்சினேன், அதட்டினேன். நீ முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாய்.

“செத்தவனுக்குப் பேரு என்னத்துக்குண்ணே? நீ பஸ் ஏறு. ஒனக்குப் பதிலா நாளைக்கு நான் நிக்கேன்.”

“பொம்பளைய அங்கன பேச விடமாட்டாவ.”

“விடுதாவளா இல்லியான்னு பாப்போம்.”

கடிதத்தில் கை, வாய், நாடி, நெஞ்சுச் சத்தம் எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில், ‘நேரம் பத்து நிமிஷத்துக்கு மேல். நோயாளியின் தங்கை செபமாலை எண்ணிக் கணித்தது. நம்பத்தக்கது’ என்று சேர்த்தேன். கம்பவுண்டர் சூசையை அழைத்துக்கொண்டு மாலைக்குள் பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தார். நீ பஸ் ஸ்டாண்டில் பஸ் திரும்பி மறைகிறவரை நின்றாய். வழியில் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுவார் என்று உனக்குச் சந்தேகம்.

ஞாயிறு காலை பூசை முடிந்தது. கோயில் முற்றத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் சுவரோரம். நான் உன் பக்கத்தில் நின்றேன். காதில் பஞ்சு வைத்த கஸ்பார் முன்னால் இருந்தார், முகம் கல்லாக இருந்தது. ஊர்த்தலைவர் என் சீட்டை எடுத்து உரக்கப் படித்தார். ‘குறை ஒன்றும் இல்லை.’ என் எழுத்து அடுத்தவர் வாயில் அத்தனை கொடுமையாகக் கேட்டதே இல்லை. “ஆளையும் காணோம். ஓடிட்டான். பொறவு என்ன பேச்சு?” என்று யாரோ சொன்னார்கள்.

நீ நடுவில் போய் நின்றாய். யாரையும் கேட்கவில்லை.

“ஓடல. நான்தான் பாளையங்கோட்டைக்கு அனுப்பிச்சேன். அவனுக்கு நோவு. புதன்கெழம மட்டும் இல்ல, அதுக்கு முந்துன ஞாயித்துக்கெழமையும் வந்துச்சு. கையும் வாயும் சேந்து போச்சு. நான் கண்ணால பாத்தேன். அவன் சொல்லாதன்னான், நானும் சொல்லல. தெரிஞ்சிருந்தும் எம்புருசன அந்தக் கயித்துல எறக்குனது நான்தான். தள்ளி வைக்கதுன்னா என்னியத் தள்ளி வைங்க.”

இதைச் சொன்னபோது நீ ஊரைப் பார்க்கவில்லை, கஸ்பாரைப் பார்த்தாய். உன் குடும்ப வாழ்வே அந்த ஒரு நிமிஷத்தில் தொங்கியது. அண்ணனைக் காப்பாற்ற நீ உன்னையே காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்கு மெல்லத்தான் உறைத்தது. நானும் நடுவில் போய், அந்தச் சீட்டு தப்பு, நான் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லி, தலைவர் கையிலிருந்து அதை வாங்கிக் கிழிக்கப் போனேன். நீ என் கையைப் பிடித்தாய்.

“கிழிக்காதிய டாக்டரம்மா. கிழிச்சா நீங்க எழுதவே இல்லன்னு ஆயிரும். அதுக்குக் கீழயே எழுதுங்க.”

அத்தனை பேர் பார்க்க, ஒருவர் முதுகைக் குனியச் சொல்லி அதன்மேல் சீட்டை வைத்து, ‘மேலே எழுதியது என் பிழை’ என்று எழுதினேன். நோய் இன்னதென்றும் எழுதிக் கையெழுத்திட்டேன். நீ என் மணிக்கட்டை விடவில்லை. பிறகு உதட்டையும் உடைந்த பல்லையும் பற்றிச் சொன்னேன். தண்டல்தான் முதலில் வாய் திறந்தார்.

“கயித்துல ரத்தம் இருந்துச்சி. கஸ்பார் ரத்தம்னு நெனச்சிட்டேன்.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா அது மேல்பக்கம்லா இருந்துச்சி. அந்த எடம் தண்ணிக்கே போவலியே.”

கஸ்பார் எழுந்தார். உன் பக்கம் வந்தார். அவர் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அடுத்த பஸ் எப்பம்?”

தலைவரின் உத்தரவுக்குக்கூட நிற்காமல், காதில் பஞ்சோடு, பூசைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு அவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். நீ ஓடிப்போய் அவரோடு சேர்ந்துகொண்டாய். முற்றம் தன்னால் கலைந்தது.

திங்கட்கிழமை காலை வார்டில் சூசைக்கு மூன்றாவது முறை வந்தது. அதற்குள் உறைவதைத் தடுக்கும் மருந்து தொடங்கியிருந்தார்கள். பக்கத்தில் கஸ்பார் இருந்தார். மச்சானின் செத்துப்போன கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு, அது உயிர்த்து வருகிறவரை விடவில்லை என்று நீ வந்து சொன்னாய். பெரிய டாக்டர் எனக்குப் பதில் எழுதியிருந்தார். பின்னால் சென்னைக்கு அனுப்பி அந்தக் கதவை விரித்துவிட ஏற்பாடு செய்வதாகச் சொல்லிவிட்டு, ‘நேரம் கணித்த அம்மையாருக்கு என் மரியாதையைத் தெரிவிக்கவும்’ என்று முடித்திருந்தார். நான் படித்துக் காட்டினேன். “மாதாவுக்குப் போவவேண்டியது வழி தப்பி எங்கிட்ட வந்திருக்கு” என்றாய். ஆனாலும் அந்த வரியை மூன்று முறை படிக்கச் சொன்னாய், சண்டைக்காரி.

சூசை மறுபடியும் கயிறு பிடிக்கவில்லை. அடுத்த பருவத்தில் கஸ்பாருக்கு வேறு ஒரு ஆள் கூலிக்குக் கயிறு பிடித்தான். ஆனால் சென்னையில் நெஞ்சைத் திறந்து மூடித் திரும்பியிருந்த மச்சான் வள்ளத்தில் ஏறி உட்காராமல் கஸ்பார் தண்ணீரில் இறங்க மறுத்தார். நான் குதித்தேன், இந்த உடம்போடு கடலா என்று. கஸ்பார் என்னிடம், “அவன் புடிக்க வேண்டாம்மா. அங்கன இருந்தாப் போதும்” என்றார். நீ எனக்குத் தீர்ப்பே சொல்லிவிட்டாய்: “நெஞ்ச நீங்க பாத்துக்கிடுங்க. வள்ளத்த நாங்க பாத்துக்கிடுதோம்.” ஒரு பிற்பகல் கரையில் நின்று அந்த வள்ளம் திரும்பி வருவதைப் பார்த்தேன். சூசை கூலிக்காரனுக்குப் பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் செய்யாமல் ஒரு மனிதன் அத்தனை பெரிய வேலை செய்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நீ இருந்தபோது உன்னிடம் சொல்லாத விஷயம் இதுதான். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் வைத்தியம் பார்த்தேன். ‘இப்ப எல்லாம் சரியாயிட்டு டாக்டர்’ என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். ஒவ்வொருவரிடமும், அது நடந்தபோது கூட இருந்தது யார் என்று கேட்டு, அவர்களை உள்ளே அழைத்து, முதலில் அவர்களைப் பேசவிட்டேன். பலர் உயிரோடு திரும்பினார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. அப்படியும் நான் தவறினேன். அவசரத்தில், களைப்பில், அகங்காரத்தில் தவறாக எழுதினேன். ஒவ்வொரு முறையும் காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட முடியும், ஒருவருக்கும் தெரியாது. போட்டதில்லை. நோயாளியின் முன்னால், சொந்தக்காரர் முன்னால், என்னைவிட இளைய டாக்டர்கள் முன்னால், அதே தாளில் அதற்குக் கீழேயே எழுதினேன்: ‘மேலே எழுதியது என் பிழை.’

முதல் முறை அதை எழுதியபோது என் மணிக்கட்டை நீ பிடித்திருந்தாய். அந்தப் பிடி இன்னும் விடவில்லை.